நிம்மதித் திலகம் ஷரீபா பீவி

பொதிகைத் தென்றல் ஒருங்கிணைந்த புற்றுநோய்ப் பராமரிப்பு நிலையத்தின் மீது எவருக்கும் மனக்குறை இருக்க நியாயமில்லை. தச்சநல்லூரைத் தாண்டிப் புறவழிச்சாலையில் ஏறியதும் இடப்பக்கம் தெரியும் அக்கட்டடம் நீலக் கண்ணாடியால் ஆனது. அதன் வாயிலில் ஓம், சிலுவை, பிறை ஆகிய மூன்றும் ஒரே சலவைக்கல்லில் ஒரே உயரத்தில் செதுக்கப்பட்டுள்ளன. எந்த மதத்தவரும் தாம் சற்றுத் தாழ்வாக நடத்தப்பட்டதாக எண்ணிவிடக் கூடாதே என்ற அக்கறை அது. ஒரு நிறுவனம் இதற்கு மேலும் என்ன செய்ய இயலும்?

ஆயினும் அது மேலும் செய்தது. நோயாளியின் உடலை மட்டும் கவனித்தால் போதாது, உள்ளத்தையும் கவனிக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. மிக நல்ல முடிவு. அதன்படி முதல் தளத்தில் நிம்மதிப் பிரிவு திறக்கப்பட்டது. நிம்மதி என்பது அவரவர் விருப்பத்துக்கு விடக்கூடிய பொருளன்று என்பதால் ஒரு விதியும் சேர்க்கப்பட்டது. நிம்மதிப் பிரிவின் முத்திரையை வலது மணிக்கட்டில் பெறாத எவரும் இரண்டாம் தளத்தில் கீமோ நாற்காலியில் அமர இயலாது. பொருட்காட்சித் திடலுக்குள் போய்வரக் கையில் குத்துவார்களே, அதே போன்ற ஊதா மை. நடுவில் ஒரு தாமரை.

மேலப்பாளையத்திலிருந்து வந்த ஷரீபா பீவி இந்த விதியை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். ஐம்பது வயதைத் தாண்டிய அவர் வீட்டிலிருந்தபடியே துணி தைப்பவர். அவருடைய கணவர் சேக் முகம்மது வளைகுடா நகரமான தம்மாமில் பல ஆண்டுகள் உழைத்துத் திரும்பி, பள்ளிவாசல் தெருவில் தொப்பியும் அத்தரும் விற்கும் சிறு கடை வைத்திருப்பவர். ஷரீபா பீவிக்கு மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து, இரண்டு முறை கீமோவும் ஏறியிருந்தது. மூன்றாவது முறைக்கு நாள் குறித்திருந்த வேளையில்தான் நிம்மதிப் பிரிவு திறந்தது.

அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு வட்டமாக அமர வேண்டும். ஒலிபெருக்கியில் தாமிரபரணி சலசலக்கும். உண்மையான தாமிரபரணி சற்றுத் தொலைவில் வண்ணார்பேட்டைப் பாலத்துக்கு அடியில் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதன் ஓசை தரமாக இல்லை என்று நிபுணர்கள் கருதியதால் வேறோர் ஆற்றின் ஓசையைப் பதிவு செய்து வந்திருந்தார்கள். சுவரில் பெரிய எழுத்தில், "உங்கள் கவலையைத் தின்றுதான் உங்கள் கட்டி வளர்கிறது" என்று எழுதியிருந்தது.

பிரிவின் இயக்குநர் டாக்டர் மகேஷ் அவர்கள் முதல் நாள் தாமே வந்து உரையாற்றினார். அவர் மருத்துவர் அல்லர், டாக்டர். சில்லறை வணிகத்தில் வாடிக்கையாளரைத் தக்கவைப்பது குறித்து ஆராய்ந்து பட்டம் பெற்றவர்.

"அன்பு உறவுகளே, மருந்து நோயைத் தீர்க்கும். தீர்ந்ததும் நோயாளி போய்விடுவார். நிம்மதி அப்படியல்ல. அது வாழ்நாள் முழுவதும் தேவைப்படும். இதை எங்கள் நிர்வாகத்துக்குப் புரியவைக்க எனக்கு ஒரே ஒரு கூட்டம்தான் தேவைப்பட்டது."

பிறகு அவர் ஒரு பச்சைக் குப்பியை உயர்த்திக் காட்டினார். அதனுள் இருந்தவை பொதிகை நிம்மதி மாத்திரைகள். அமுக்கராக் கிழங்கு உள்ளிட்ட மூலிகைகளின் சாறு. அகத்தியர் உலவிய மலையின் பெயரே குப்பியின் மேல் இருப்பதைச் சுட்டிக்காட்டிய அவர், அதன் பிறகு எந்த ஐயத்துக்கும் இடமில்லை என்றார்.

மணப்பாட்டிலிருந்து வந்திருந்த பவுல்ராஜ் என்பவர் கை தூக்கினார். கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர்; தொண்டையில் புற்று. குரல், மரத்தை இழைப்பது போல வரும்.

"கவலையத் தின்னுதான் கட்டி வளருதுன்னு எழுதிப் போட்டிருக்கிய. அப்பம் கவலய வுட்டுட்டா அது பட்டினி கெடந்து செத்துருமா சார்?"

"அறிவியல் அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருக்கிறது" என்றார் இயக்குநர்.

"அது போய்ச் சேர மட்டும் நாம உசுரோட கெடக்கணுமே, வே" என்று பவுல்ராஜ் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இக்கூற்று எதிர்மறை எண்ணமாகக் கருதப்பட்டு, அவருக்கு மட்டும் கூடுதலாக ஒரு மூச்சுப்பயிற்சி அளிக்கப்பட்டது.

பயன்களை அளந்து பார்க்காமல் எதையும் நம்பும் நிறுவனமல்ல அது. ஒவ்வொருவருக்கும் ஒரு மன அழுத்த எண் உண்டு. பத்து என்றால் மிக மோசம்; சுழி என்றால் முழு நிம்மதி. மாத்திரை தொடங்குமுன் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. புற்றுநோயாளியிடம் போய் "கவலையாக இருக்கிறதா" என்று கேட்பது மனிதத்தன்மையற்ற செயல் என்பதால், கருணையின் அடிப்படையில் எல்லோருக்கும் பத்து என்றே பதிந்துவிடுவார்கள். மாத்திரை தொடங்கி ஒரு வாரம் சென்ற பின்னர்தான் கேட்பார்கள்.

கேட்கும் பணியில் இருந்தவர் ஆன்லின் என்ற இளம்பெண். தூத்துக்குடிக் கடற்கரைப் பக்கத்தைச் சேர்ந்தவர். அவருடைய பதவியின் பெயர் நிம்மதித் தோழி. கையில் ஒரு கணினிப் பலகை வைத்திருந்தார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

"அல்ஹம்துலில்லா" என்றார் ஷரீபா பீவி.

இந்த இடத்தில் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. ஷரீபா பீவியிடம் எவர் எப்போது நலம் விசாரித்தாலும் அவர் வாயில் வரும் பதில் அது ஒன்றுதான். அவருடைய உம்மா இறந்து ஜனாஸா வீட்டில் கிடத்தப்பட்டிருந்தபோது விசாரித்தவர்களுக்கும் அதையே சொன்னார். தம்மாமில் கணவரின் வேலை போன செய்தி வந்த அன்றும் அதையே சொன்னார். மார்பில் இருப்பது புற்றுக்கட்டி என்று ஊர்ஜிதமாகி வீடு திரும்பிய மாலையில், வாசலில் நின்ற பக்கத்துவீட்டுப் பெண்ணுக்கும் அதே பதில்தான். அது உடம்பைப் பற்றிய அறிக்கையன்று. படைத்தவனிடம் குறைப்படமாட்டேன் என்று அடியவள் தன் அளவில் எடுத்துக்கொண்ட உறுதி. அந்தத் தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். ஆகையால் அவர்கள் பதிலைக் கேட்டுவிட்டு முகத்தையும் பார்ப்பார்கள்.

ஆன்லின் பலகையைப் பார்த்தார். அதில் எண்கள் மட்டுமே இருந்தன.

"அப்படின்னா என்னம்மா?"

சேக் முகம்மது உதவ முன்வந்தார். "எல்லாப் புகழும் இறைவனுக்கேன்னு அர்த்தம்மா. நல்லா இருக்கேன்னும் வச்சிக்கிடலாம்."

அந்த 'வச்சிக்கிடலாம்' என்பதற்குப் பலகையில் இடமில்லை. ஆன்லின் சுழியைத் தொட்டார். மணிக்கட்டில் தாமரை விழுந்தது.

ஒரே வாரத்தில் பத்திலிருந்து சுழிக்கு இறங்கிய முதல் நோயாளி என்ற செய்தி இயக்குநரின் அறையை எட்டியபோது, அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாராம்.

அதே வாரத்தில் ஷரீபா பீவிக்கு உடம்பெங்கும் அரிக்கத் தொடங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டியது. இதுவும் கீமோவின் வேலைதான் போலும் என்று அவர் பொறுத்துக்கொண்டார். கீமோவுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் ஜெய்சன் நெற்றியைச் சுருக்கினார். இவர் மருத்துவர், இரண்டாம் தளத்துப் புற்றுநோய் நிபுணர்.

"கல்லீரல் கணக்கெல்லாம் ஏறிக் கிடக்கு. இப்ப கீமோ ஏத்த முடியாது. அம்மா, நாட்டு மருந்து, மூலிகை, கஷாயம் அப்படி ஏதாவது சாப்பிடுதீங்களா?"

"இல்ல டாக்டர். எங்க மயினி கருஞ்சீரக எண்ணெய் கொண்டாந்து குடுத்தா. நீங்க நாட்டு மருந்து கூடாதுன்னு முதல் நாளே சொன்னதுனால அதக்கூட நான் தொடல. வல்லாஹி, அல்லா மேல ஆணையா."

இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. நாட்டு மருந்து என்பது மயினி கொண்டுவருவது. கடைத்தெருவில் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தருவது. ஆஸ்பத்திரியின் பெயர் அச்சிட்ட குப்பியில், ஆஸ்பத்திரிச் சீருடை அணிந்த பெண், ஆஸ்பத்திரிக் குவளையில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்து, மீதியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது ஆஸ்பத்திரி மருந்து. ஷரீபா பீவியின் இந்தப் புரிதலில் பிழை கண்டுபிடிக்க எவராலும் இயலாது. டாக்டர் ஜெய்சனோ, முதல் தளத்தில் பாட்டுப் போடுகிறார்கள், மூச்சு இழுக்கச் சொல்கிறார்கள் என்று மட்டுமே அறிந்திருந்தார். ஒரு தளத்தின் விவரங்கள் மறு தளத்துக்குச் செல்லாதவாறு கணினிகள் தனித்தனியே அமைக்கப்பட்டிருந்தன. ஒருங்கிணைந்த நிலையம் என்பதால் பாதுகாப்பு அதிகம்.

கீமோ ஒரு வாரம் தள்ளிப் போடப்பட்டது. ஆனால் நிம்மதி தள்ளிப் போடப்படவில்லை. மாறாக, மாத்திரையின் அளவு இரட்டிக்கப்பட்டது.

"சுழியில் இருப்பவர் இதற்கு மேல் இறங்க முடியாது, ஏறத்தான் முடியும்" என்று இயக்குநர் மகேஷ் அவர்கள் சேக் முகம்மதுவுக்கு விளக்கினார். "ஆகவே எங்கள் நோயாளிகளிலேயே மிக அதிக அபாயத்தில் இருப்பவர் உங்கள் மனைவிதான். அவரை நாங்கள் விட்டுவிட முடியாது."

அடுத்த வாரம் கண் மஞ்சளாயிற்று. டாக்டர் ஜெய்சன் கல்லீரலுக்கும் நோய் பரவியிருக்குமோ என்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். முடிவு வரும்வரை அந்த வீட்டில் சமையல் நடந்தது. யாரும் சரியாக உண்ணவில்லை. பரவவில்லை என்று முடிவு வந்தது. காரணமும் புலப்படவில்லை என்று வந்தது. "இதுக்கு மேல கீமோவத் தள்ளிப் போடுதது நல்லதில்ல. ஆனா இந்தக் கணக்க வச்சிக்கிட்டு ஏத்தவும் முடியாது" என்று டாக்டர் ஜெய்சன் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அன்று வீட்டில் சேக் முகம்மது பச்சைக் குப்பியைக் கையில் எடுத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

"ஷரீபா, இந்த மாத்திரைய டாக்டர்ட்டச் சொன்னியா?"

"அவ்வோ ஆஸ்பத்திரி மாத்திரைய அவ்வோகிட்டயே போய்ச் சொல்லவா? அவ்வோளுக்குத் தெரியாதாக்கும்."

"இது வந்த பொறவுதான் ஒனக்குச் சொறியே தொடங்கிச்சு."

"இங்கேருங்க, இதத் திங்கலைன்னா கையில முத்திர குத்தமாட்டா. முத்திர இல்லன்னா அந்த நாற்காலியில ஒக்கார வைக்கமாட்டாவ. நான் என்ன செய்யட்டும்?"

மறுநாள் சேக் முகம்மது கடையை அடைத்துவிட்டு இயக்குநரைக் காணச் சென்றார். மருத்துவரைக் காண முன்பதிவு வேண்டும். இயக்குநரை எப்போதும் காணலாம்.

"சார், இந்த மருந்துல கல்லீரலுக்கு ஏதும் கேடு வருமா?"

"அண்ணாச்சி, முதலில் இது மருந்தல்ல. உணவு. மருந்தென்றால் சோதனை, அனுமதி என்று ஆயிரம் தொல்லை. உணவென்பதால் எதையும் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை. அந்த அளவுக்குப் பாதுகாப்பானது."

"சாப்பாடுன்னா வேண்டாம்னு சொல்லிக்கிடலாம்லா?"

"உங்கள் உரிமை. முத்திரை வழங்குவது எங்கள் உரிமை."

"அப்பம் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன்."

"உணவைப் பற்றி மருத்துவரிடம் கேட்பீர்களா? நேற்று என்ன குழம்பு என்று அவரிடம் சொன்னீர்களா? இது முழுக்க முழுக்க இயற்கை, அண்ணாச்சி. மலையில் விளைவது மனிதனுக்குக் கேடு செய்யாது."

"அரளியும் அந்த மலையிலதான் பூக்குது, சார்" என்றார் சேக் முகம்மது.

இயக்குநர் அவர்கள் சிரித்தார். பிறகு, தாமே அழைக்க எண்ணியிருந்ததாகவும், வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நிம்மதிப் பெருவிழாவில் ஷரீபா பீவிக்கு நிம்மதித் திலகம் என்ற பட்டம் வழங்கப்பட இருப்பதாகவும் தெரிவித்தார். பட்டம் பெறுபவர் வரவில்லையென்றால் முத்திரை ரத்தாகும் என்பதையும் மறவாமல் சொன்னார்.

விழா அரங்கம் நிறைந்திருந்தது. நோயாளிகள் முத்திரை குத்தப்பட்டு வரிசையாக அமர்த்தப்பட்டிருந்தார்கள். மருத்துவர்கள் கட்டாயமாக முன்வரிசையில் இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை சென்றிருந்ததால் டாக்டர் ஜெய்சனும் கழுத்தில் ஒரு சந்தன மாலையுடன் அமர்ந்திருந்தார். மேடைத் திரையில் ஷரீபா பீவியின் முகம் பெரிதாகத் தெரிந்தது. படம் பழையது, கண்கள் வெள்ளையாக இருந்தன. அதன்கீழ் "பத்திலிருந்து சுழிக்கு" என்று எழுதியிருந்தது.

இயக்குநர் மகேஷ் அவர்களின் உரை நெடியது. அதன் சாரம் வருமாறு: "இந்தத் தாய்க்கு மூன்றாவது கீமோ இன்னும் ஏறவில்லை. இரண்டு முறை தள்ளிப் போய்விட்டது. இதுவே வேறொரு மருத்துவமனையாக இருந்தால் அந்த நோயாளி எவ்வளவு கலங்கிப் போயிருப்பார்? இவர் கலங்கவில்லை. சிகிச்சையே நடக்காதபோதும் நிம்மதியாக இருக்கும் நோயாளியை உலகில் வேறு எந்த நிறுவனமாவது உருவாக்கியிருக்கிறதா?"

கைதட்டல் எழுந்தது. கைதட்டுவதற்கென்று பக்கவாட்டில் ஆள்கள் நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

ஷரீபா பீவியை மேடையேற்றினார்கள். முக்காட்டின் மேல் பொன்னாடை போர்த்தினார்கள். கழுத்தருகே அரித்தது, மேடையில் சொறிவது மரியாதையன்று என்று கையை அடக்கிக்கொண்டார். இயக்குநர் ஒலிவாங்கியை அவர் வாயருகே நீட்டினார்.

"சொல்லுங்கள் தாயே. எப்படி இருக்கிறீர்கள்?"

"அல்ஹம்துலில்லா."

இயக்குநர் அவையை நோக்கிக் கையை விரித்தார். கைதட்டல் தொடங்கியது. ஷரீபா பீவி ஒலிவாங்கியை விடவில்லை.

"இருங்க. அது என்னப் படச்ச ரப்புக்குச் சொல்லுத பதில். அவன் கேக்காமலே சொல்லுவேன். கேட்டது நீங்கல்லா? ஒங்களுக்குள்ள பதில இப்பம் சொல்லுதேன்."

கைதட்டல் ஆங்காங்கே நின்றது.

"எனக்கு ஒடம்பு பூராவும் அரிக்கி. சொறிஞ்சி சொறிஞ்சி தோலு உரிஞ்சி போச்சி. கஞ்சித் தண்ணி கூட எறங்கல. மூத்திரம் தேயிலைத் தண்ணி மாரிப் போவுது. இந்தா பாருங்க என் கண்ண. ஈரல்லயும் வந்துட்டுன்னு நெனச்சி என்னக் கட்டுன மாப்பிள்ளை ஸ்கேன் அறை வாசல்ல நின்னு அழுதாவ. நான் அவ்வோள அதுக்கு முன்ன அழுது பார்த்ததில்ல. எனக்கு நிம்மதின்னு எவரு சொன்னது? நீங்க குடுத்த இந்த மாத்திர..."

ஒலிவாங்கி அணைந்தது. அரங்கில் வேறோர் ஆறு சலசலக்கத் தொடங்கியது.

"மைக்கு எதுக்கு?" பின்வரிசையிலிருந்து மரத்தை இழைப்பது போன்ற குரல் வந்தது. பவுல்ராஜ் எழுந்து நின்றார். "நீங்க சும்மாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கும். எனக்குந்தான் ராத்திரி பூரா சொறியுது. ஏலே, எவம்லே அங்கன, அந்தத் தண்ணியப் பூட்டு."

யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தித் தண்ணீரைப் பூட்டினார்கள். முன்வரிசையில் டாக்டர் ஜெய்சன் எழுந்திருந்தார். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது.

"அம்மா, என்ன மாத்திரை?"

ஷரீபா பீவி கைப்பையிலிருந்து பச்சைக் குப்பியை எடுத்து மேடை விளிம்புக்கு வந்து நீட்டினார். டாக்டர் ஜெய்சன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"எத்தனை நாளா? நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே, மூலிகை ஏதும் சாப்பிடுதீங்களான்னு."

"இது ஒங்க ஆஸ்பத்திரி மாத்திரைதான, டாக்டர்" என்றார் ஷரீபா பீவி.

அவர் குற்றம் சாட்டும் தொனியில் அதைச் சொல்லவில்லை. தெரியாமல்தான் கேட்டார். டாக்டர் ஜெய்சன் மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். மேடைக்கு அருகில் நின்றிருந்த ஆன்லின் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். நிம்மதித் தோழிகள் பணி நேரத்தில் அழக் கூடாது என்பது விதி.

ஷரீபா பீவிக்கு மாத்திரை அன்றே நிறுத்தப்பட்டது. அரிப்பு மெல்லக் குறைந்தது. கண்ணில் வெள்ளை திரும்பியது.

இவ்விவகாரத்தை நிறுவனம் மூடி மறைத்ததாக எவரும் சொல்ல முடியாது. உடனடியாக விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. டாக்டர் மகேஷ் அவர்கள் அதன் தலைவராக இருக்க இசைந்தார். குழுவின் முடிவு இது: மூலிகை உட்கொள்கிறீரா என்று மருத்துவர் தெளிவாகக் கேட்டபோது நோயாளி இல்லை என்று பதிலளித்திருக்கிறார், எப்படி இருக்கிறீர் என்று நிம்மதித் தோழி தெளிவாகக் கேட்டபோது நன்றாக இருப்பதாகப் பதிலளித்திருக்கிறார், ஆகவே நிறுவனம் இரு தளங்களிலும் நோயாளியால் தவறாக வழிநடத்தப்பட்டுள்ளது. பெருந்தன்மை கருதி அவர்மீது நடவடிக்கை எடுக்கப்படவில்லை. தம் தளத்துக்கு அப்பாற்பட்ட விஷயத்தில் தலையிட்டதற்காக டாக்டர் ஜெய்சனிடம் விளக்கம் கோரப்பட்டது. ஆன்லின் வேலையிலிருந்து நின்றுகொண்டார். விழாவில் குரல் எழுப்பிய பவுல்ராஜுக்கு அழுத்த எண் மீண்டும் பத்து ஆக்கப்பட்டது. மாத்திரைக் குப்பியின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றப்பட்டது.

ரயில் சந்திப்புப் பேருந்து நிலையத்துக்கு எதிரே நிம்மதித் திலகத்தின் படத்தோடு வைத்திருந்த விளம்பரப் பலகை மட்டும் அகற்றப்படவில்லை. ஒப்பந்தக் காலம் முடியவில்லையாம். மூன்றாவது கீமோவுக்குப் பேருந்தில் சென்ற அன்று ஷரீபா பீவி சன்னல் வழியே தம்முடைய முகத்தைப் பார்த்தார். அது சிரித்துக்கொண்டிருந்தது.

"பாக்காத" என்றார் சேக் முகம்மது.

"நாந்தான. பாத்தா என்ன?"

தள்ளிப்போன அந்த வாரங்களில் உள்ளே என்ன நடந்தது என்பது எவருக்கும் தெரியாது. இனி எடுக்கப்போகும் ஸ்கேன்கள்தாம் அதைச் சொல்ல வேண்டும். டாக்டர் ஜெய்சன் அதை ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அந்த வாரங்களுக்கு யார் பொறுப்பு என்று சேக் முகம்மது கேட்டபோதுதான் அவர் மீண்டும் மேசையைப் பார்த்தார்.

முதல் தளத்தில் விதி அப்படியே இருந்தது. மாத்திரை மட்டும் இனி அவரவர் விருப்பம்; முத்திரைக்குக் கேள்விகள் போதும். ஆன்லின் இருந்த இடத்தில் வேறொரு பெண் நின்றிருந்தார். புதியவர்; சீருடையில் மடிப்புக் கலையவில்லை. பலகையைக் கையில் ஏந்தி, அதிலிருந்து கண்ணை எடுக்காமல், பாடம் ஒப்பிக்கும் வேகத்தில் கேட்டார்.

"எப்படி இருக்கீங்கம்மா?"

ஷரீபா பீவி ஒரு நாற்காலியை இழுத்து அப்பெண்ணுக்கு எதிரே போட்டார். அதில் தாம் அமர்ந்து, பக்கத்தில் இருந்த இன்னொன்றைத் தட்டிக் காட்டினார்.

"அந்தப் பலகைய அங்கன வச்சிட்டு வந்து ஒக்காரு, புள்ள. சொல்லி முடிக்க நேரமாவும்."